கணினி ஒலியை ரெக்கார்டருக்குக் கொண்டுசெல்லும் கிட்: ஒரு மதிப்பீடு

மடிக்கணினியில் ஒலிக்கும் உரைகளைச் சிறிய வாய்ஸ் ரெக்கார்டரில் பதிய வேண்டியிருந்ததால், சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 150 ரூபாய்க்கு இந்த கிட்டை வாங்கினேன். இரண்டு 3.5 மி.மீ. பின்கள், 10 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு, 100 ஓம் ஒன்று, மின்தேக்கி ஒன்று, கொஞ்சம் ஒயர், அவ்வளவுதான்.

சுற்றின் அமைப்பில் குறை சொல்ல முடியாது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கக்கூடும். மைக் துளையோ சில மில்லிவோல்ட்டுகளையே எதிர்பார்ப்பதால், நேரடியாக இணைத்தால் ஒலி கரகரத்துச் சிதையும். இடது, வலது ஒலிகளை இணைக்கும் இந்த மின்தடைகள், இரண்டிலும் பொதுவாக உள்ள ஒலியைச் சுமார் 50-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றன.

ஆனால் மின்தேக்கியில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். மைக்குக்காக ரெக்கார்டர் அனுப்பும் ஒரே திசையில் பாயும் மின்சாரத்தை (DC) தடுக்க அது தேவை என்பது உண்மையே. எனினும் ‘104’ என்று அச்சிட்ட, அதாவது 0.1 மைக்ரோஃபாரட் வில்லையை வைத்திருந்ததால், ஆண்குரல்கூடத் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்து ஒலித்தது. அதைக் கழற்றிவிட்டு, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அதன் நேர்முனை ரெக்கார்டர் பக்கம் இருக்குமாறு பற்றவைத்த பிறகே குரலுக்குக் கனம் வந்தது. விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மடிக்கணினி, ரெக்கார்டர் இரண்டும் சார்ஜரில் இருந்தபோது ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டது. ரெக்கார்டரை பேட்டரியில் ஓடவிட்டதும் நின்றுவிட்டது. சால்டரிங் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.