லண்டன் கப்பலுக்கு ரிக்கெற் போட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

இதை எழுத மனசே வரேல்ல, ஆனா மார்கழி லீவுக்கு லண்டன் போறதுக்கு கன பேர் இப்பவே ரிக்கெற் தேடிக்கொண்டிருப்பியள், அதால எழுதுறன். நாங்கள் இருக்கிறது பாரிஸில இல்லை, நோர்மண்டியில லேகிள் பக்கம் ஒரு சின்னக் கிராமம், சுத்திவர மாடு மேயிற புல்வெளியும் ஆப்பிள் மரங்களும்தான். பாரிஸ் போய் ட்ரெயின் எடுக்கிறதெண்டா அஞ்சு பேருக்குக் கட்டாது, அதால எப்பவும் கார்தான். ருவான் வந்து ஏ28 நெடுஞ்சாலை பிடிச்சு அப்வில் போய் அங்கயிருந்து ஏ16, கலே மட்டும் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். பிறகு டோவருக்குக் கப்பல், ஒண்டரை மணித்தியாலம். கன வருசமா இப்பிடித்தான் போய் வாறம்.

இந்தமுறை போனது தங்கச்சியின்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு, 2025 ஆவணி. நான் தாய்மாமன். தேங்காய் உடைச்சு முதல் தண்ணி வார்க்கிறது நான்தான் எண்டு பிள்ளை ஒரு மாசமா போன் எடுத்து சொல்லிக்கொண்டே இருந்தவ.

வழமையா ரிக்கெற் போடுறது மனுசி, கப்பல் கம்பனியின்ர ஆப்பிலதான் போடுவா. அண்டைக்கு அவவுக்கு இரவு வேலை, நான் போன்ல "கலே டோவர் கப்பல்" எண்டு தேடி மேல முதலாவதா வந்ததை அமத்தினன். அது விளம்பரம். பேருக்குப் பக்கத்தில சின்ன எழுத்தில போட்டிருக்கும், நான் கவனிக்கேல்ல. கப்பல் படம், கம்பனிகளின்ர லோகோ எல்லாம் போட்டு கம்பனியின்ர பக்கம் மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலமை 10:50 கப்பல், கார், அஞ்சு பேர், அதோட நேரம் மாத்தக்கூடிய ரிக்கெற் எண்டு 35 யூரோ கூடக் கேட்டது, விசேசத்துக்குப் போறம் எதுக்கும் இருக்கட்டும் எண்டு அதையும் போட்டன். மொத்தம் 248 யூரோ. உடன ஈமெயில் வந்தது, ரெஃபரன்ஸ் நம்பரும் இருந்தது.

காலமை அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பது மணி கழிய கலே துறைமுகத்துக்குள்ள போனம். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், கலேயில முதல் பிரெஞ்சுப் பொலிஸ், அடுத்தது இங்கிலாந்தின்ர போடர் செக்கிங், ரெண்டும் பிரான்ஸ் கரையிலயே முடியும், அதுக்குப் பிறகுதான் கப்பல் கம்பனியின்ர பெட்டி, ரிக்கெற் பாக்கிற கவுண்டர். அந்த ரெண்டையும் தாண்டி பெட்டியடிக்கு வந்து ரெஃபரன்ஸை நீட்டினா அங்க இருந்த பிள்ளை அடிச்சுப் பாத்திட்டு இப்பிடி ஒரு நம்பரே எங்களிட்ட இல்லை எண்டுது. பிறகு கார் நம்பரைப் போட்டுத் தேடினவ. புக்கிங் இருந்தது. ஆனா 8:15 கப்பலுக்கு, அது போய்ட்டுது.

நடந்தது என்னெண்டா, கப்பல் ஒண்டு பழுதாகி நிண்டதால 10:50 ஓடேல்ல, எங்களை 8:15க்கு மாத்தி நாலு நாளுக்கு முதலே ஈமெயிலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பியிருக்கினம். எனக்கு ஒண்டும் வரேல்ல. அந்தப் பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டினவ, எங்கட பேருக்குக் கீழ கிடந்த ஈமெயிலும் போன் நம்பரும் என்ர இல்லை, ரெண்டும் நான் ரிக்கெற் போட்ட அந்தப் பக்கத்தை நடத்திற ஏஜென்சியின்ர. அவங்கள் வேணுமெண்டே தங்கடையைக் குடுத்திருக்கிறாங்கள், கம்பனி எங்களோட நேர கதைக்காமல் இருக்க. அதோட திரையில இருந்தது மாத்தவே ஏலாத ஆகக் குறைஞ்ச ரிக்கெற், 171 யூரோ. அப்ப நான் கட்டின 35 யூரோ எங்க போனது? அப்பிடி ஒரு ரிக்கெற்றை அவங்கள் எடுக்கவே இல்லை.

ஏஜென்சிக்கு அடிச்சா ரெக்கோடிங்தான் கதைக்குது, ஞாயிறு பூட்டாம். கவுண்டரில "நீங்கள் ஏஜென்ற்றிட்ட எடுத்தது, அவையோட கதையுங்கோ" எண்டிட்டினம். பின்னால கார் வரிசை, மாமிக்கு கால் வீங்கிப் போச்சு, சின்னவன் அழுறான். நான் 236 யூரோ குடுத்து புது ரிக்கெற் எடுத்தன். ஆவணி ஞாயிறு, இடம் கிடைச்சது 14:40க்குத்தான். லண்டன் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு எண்டாலும் டோவரில இறங்க அங்க மூண்டு மணி கழிஞ்சுது, சாமத்தியவீடு நடந்த ஹரோவுக்குப் போய்ச் சேர அஞ்சரை.

ஹோல் நேரக் கணக்குக்கு எடுத்தது. ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டிருந்திட்டு மச்சானின்ர பெரியப்பா மகன் தண்ணி வார்த்தவர். நாங்கள் உள்ளுக்குப் போகேக்க பிள்ளை சாறி மாத்திக் கொண்டு மேடையில நிண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தவ, என்னைக் கண்டோண்ண இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடிச்சவ, ஒண்டும் கேக்கேல்ல.

காசு போனா உழைக்கலாம். இது திரும்பி வராது.

பிறகுதான் தெரியவந்தது, கவுண்டரில நான் காசு குடுத்திருக்கவே தேவையில்லை. ஐரோப்பிய யூனியன்ர கடல் பயணிகள் சட்டம், 1177/2010, அதின்படி கப்பலை நிப்பாட்டினாலோ 90 நிமிசத்துக்கு மேல பிந்தினாலோ ஒண்டில் வேற கப்பலில மேலதிகக் காசு இல்லாமல் ஏத்தவேணும், இல்லாட்டி ரிக்கெற் காசைத் திருப்பித் தரவேணும், எது வேணுமெண்டு தெரிவு செய்யிறது நாங்கள். அந்த நம்பரைச் சொல்லிக் கேக்க எனக்கு அப்ப தெரியேல்ல. முறைப்பாடு எழுதிறதெண்டா பயண நாளில இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள கம்பனிக்குப் போகவேணும், நான் மூண்டாம் கிழமை அனுப்பினன். இன்னொண்டு, ஒன்லைனில வாங்கினா 14 நாளுக்குள்ள வேண்டாமெண்டு திருப்பலாம் எண்டு கன பேர் நினைக்கிறியள், பிரயாண ரிக்கெற்றுக்கு அது செல்லாது.

இதே மாதிரி ஈ.ரி.ஏயிலயும், அதுதான் இங்கிலாந்து போக முதலே ஒன்லைனில எடுக்கிற பயண அனுமதி, ஏமாந்தனான், அதையும் மறைக்காமல் சொல்லுறன். 2025 சித்திரை 2ல இருந்து பிரெஞ்சுப் பாஸ்போட்காரருக்கும் இங்கிலாந்து போக அது வேணும், கைக்குழந்தைக்கும் வேணும். (பிரெஞ்சு அடையாள அட்டையோட போறது 2021 ஐப்பசி 1ஓட முடிஞ்சுது, அதையும் இன்னும் சில ஆக்கள் நம்பிக்கொண்டிருக்கினம்.) அரசாங்கத்தின்ர ஆப்பில அப்ப ஆளுக்கு 16 பவுண்ஸ். நான் அதே இரவு, அதே மாதிரித் தேடி, வேற ஒரு பக்கத்தில ஆளுக்கு 79 யூரோ கட்டினன், அஞ்சு பேருக்கு. ஈ.ரி.ஏ வந்தது, அது உண்மையானதுதான். ஆனா காசை விட எனக்குப் பயம், பிள்ளையளின்ர பாஸ்போட் படமும் முகப் படமும் ஆரெண்டு தெரியாத ஒருத்தனிட்ட கிடக்கு. அரசாங்கப் பக்கமெண்டா முகவரி கவ்.யூகே (gov.uk) எண்டு முடியும், இல்லாட்டி உடன மூடுங்கோ.

கப்பல் கம்பனி பதில் எழுதினது, 171 யூரோவையும் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பிட்டம் எண்டு. ஏஜென்சி எனக்குத் தந்தது 90 யூரோ வவுச்சர், மிச்சம் தங்கட சேவைக் கட்டணமாம். நான் எடுக்கேல்ல. ஈமெயில் எல்லாத்தையும் சேர்த்து பாங்கில காட்டால கட்டின காசைத் திருப்பி எடுத்துத் தரச்சொல்லி எழுதிக் குடுத்திருக்கிறன், பிரெஞ்சு அரசாங்கத்தின்ர பாவனையாளர் முறைப்பாட்டுப் பக்கமான சிக்னல்கொன்சோவிலயும் பதிஞ்சாச்சு, ரெண்டும் இன்னும் முடியேல்ல.

ஏற்கெனவே எங்கயாவது ரிக்கெற் போட்டவை இண்டைக்கே கப்பல் கம்பனிக்கு அடிச்சு, கார் நம்பரைச் சொல்லி, தங்களிட்ட புக்கிங் இருக்கோ, எத்தினை மணிக் கப்பல், ஆற்ற ஈமெயில் ஆற்ற போன் நம்பர் கிடக்கு எண்டு கேளுங்கோ. வேற ஆற்றையும் எண்டா உங்கடையைப் போடச் சொல்லுங்கோ, அஞ்சு நிமிச வேலை. அந்த ஏஜென்சிகாரர் எந்தப் பேரில வாறாங்கள் எண்டு வேற ஆருக்கும் அனுபவம் இருந்தா எனக்குத் தனியா எழுதுங்கோ, பாங்குக்குக் குடுக்க உதவும்.