ஓட்டத்தில் அணையும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் தெளிப்பு முறை) வருவதற்கு முந்தைய டீசல் பிக்கப்புகள், டாட்டா 207, பழைய பொலேரோ பிக்கப் மாதிரியானவை, இன்னும் சந்தைக்கும் செங்கல் சூளைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்ஜின் சலிக்காமல் உழைக்கும். வயதானபின் வரும் பெரிய தொல்லை ஒன்றுதான்: எப்போதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும், கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் அணையாது. அதனாலேயே கடைசியில், டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் மேல் பழி விழுந்து, பெரிய செலவில் பம்ப் சர்வீஸ் முடிந்து, அடுத்த வாரமே வண்டி மறுபடி நடுரோட்டில் நிற்கும். பழுது பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும், இல்லையென்றால் சாவிக்கும், பம்பிலுள்ள சொலினாய்டுக்கும் (கரண்ட் வந்தால் டீசல் வழியைத் திறக்கும் வால்வு) நடுவில் இருக்கும்.

வண்டி எப்படி அணைகிறது என்பதை ஓட்டுபவர் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சாவியைத் திருப்பி நிறுத்தினாற்போல் ஒரே வெட்டில் அணைந்தால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். இழுவை குறைந்து, திக்கித் திணறி, ஆக்ஸிலேட்டர் மிதித்தும் ஏறாமல் சாகிறதென்றால் டீசல் போதவில்லை. இரவு முழுக்க மேட்டில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்து பத்து இருபது நொடி ஓடி நின்றால், லைனில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது. டேங்க் பாதிக்குக் கீழே போனபிறகும், ஏற்றத்திலும் மட்டும் வருகிறதா? டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் விரிசல் இருக்கலாம்.

கரண்ட் சோதனை சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். ரோட்டரி பம்பின் (சுழலும் ஒரே பாகம் எல்லா சிலிண்டருக்கும் டீசல் பங்கிடும் பம்ப்) மேல் ஒற்றை வயரோடு இருப்பது ஸ்டாப் சொலினாய்டு. சாவி போட்டதும் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். 12 வோல்ட் வந்துகொண்டே இருந்தால்தான் உள்ளே இருக்கும் பிளஞ்சர் டீசல் வழியைத் திறந்து வைத்திருக்கும். ஒரு நொடி விட்டாலும் இன்ஜின் நின்றுவிடும். இதன் முனையிலிருந்து தனி வயர் இழுத்து, 5 வாட் பல்பு ஒன்றை டேஷ்போர்டில் கட்டி, மறுமுனையை எர்த் செய்துவிட்டு ஓட்டுங்கள். அணையும் நொடியில் பல்பும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச், பியூஸ் பெட்டி, வயர்களை இணைக்கும் கப்ளர், இதில் ஒன்றில்தான் குறை. பல்பு எரிந்துகொண்டே இன்ஜின் நின்றால் டீசல் லைனுக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன், சொலினாய்டுக்கு எர்த் பம்ப் உடல் வழியாகத்தான் போகிறது என்பதால், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்கிவிடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் சொலினாய்டு முனைக்கும் நடுவே அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ முனை கருகியிருக்கிறது. சாவியில் கனமான கொத்து தொங்கும் வண்டிகளில் சுவிட்ச் சீக்கிரம் தேயும். ஓடும்போது சாவியை லேசாக ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்து ஓட்டுவது வீடு போய்ச் சேர மட்டும் சரி. அப்படிக் கொடுத்தால் சாவியில் இன்ஜின் நிற்காது, வயரைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டும்.

இனி டீசல் பக்கம். இங்கேதான் பொறுமை வேண்டும், நம்மூர் மெக்கானிக்குகள் அவசரப்படுவதும் இங்கேதான். பீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலைத் தள்ளித் தரும் சின்ன பம்ப்) தனியாக இல்லாத ரோட்டரி பம்ப் வண்டிகளில், பம்பே டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. லைன் முழுக்க உறிஞ்சலில் இருப்பதால், ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். “எங்கேயும் கசிவு இல்லை” என்று சொல்லி இந்தச் சோதனையை விட்டுவிடுவது பெரிய தவறு.

8 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு அடி வாங்கி, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் போடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சில குமிழிகள் வருவது இயல்பு. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். சோடா மாதிரி நிற்காமல் வந்தால் காற்று புகுகிறது. குமிழியே இல்லாமல் டீசல் ஓட்டம் மெலிந்து இன்ஜின் திணறினால் அடைப்பு. இரண்டும் ஒரே மாதிரி அணைக்கும், மருந்து வேறு. இந்தக் குழாய் சோதனைக்கு மட்டும்தான், டீசலில் சீக்கிரம் விறைத்து வெடிக்கும். வேலை முடிந்ததும் டீசல் ஹோஸ் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது கேன் சோதனை. 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்பைவிட உயரத்தில், சாயாமல், சூடான பாகங்களுக்கு எட்டத்தில் கட்டி வைத்து, பம்பின் இன்லெட்டையும் (டீசல் உள்ளே வரும் குழாய்) ரிட்டர்னையும் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்) கேனுக்குள் விடுங்கள். வண்டியை நிறுத்தி வைத்தே, அணையும் நேரத்துக்கு மேல் ஓடவிடுங்கள். நிற்காமல் ஓடினால் பம்ப் நிரபராதி. பிறகு, லைன் மறுபடி உறிஞ்சலில் இருக்கும்படி கேனைப் பம்பைவிடத் தாழ்வாக வைத்து, கேன் குழாயை ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் நகர்த்துங்கள்: பில்டருக்கு முன், கை பிரைமருக்கு (கையால் அழுத்தி டீசல் ஏற்றும் பம்ப்) முன், டேங்க் குழாயின் முனை. எந்தக் கட்டத்தில் தொல்லை திரும்புகிறதோ, கடைசியாகச் சேர்த்த பகுதியில்தான் குறை.

காற்று புகும் இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான்: பில்டர் தலையிலுள்ள கை பிரைமரின் சீல், விறைத்துப்போன ரப்பர் ஹோஸ், பழைய செம்பு வாசர், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் வடிகால் திருகு. இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கும் நாசில்களுக்கு இடையே போகும் நூல் பின்னிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ்களை யாரும் பார்ப்பதில்லை. வெடித்தால் வண்டி நிற்கும்போது அதன் வழியே காற்று ஏறி, டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். எல்லா நாசிலுக்கும் சேர்த்து ஒரு மீட்டர் போதும், கடைசி நாசிலின் மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். சந்தேகமான இணைப்பில் கெட்டி கிரீஸைத் தடவிப் பாருங்கள். குமிழி நின்றால் இடம் கிடைத்துவிட்டது.

விறைத்த ஹோஸ் மேல் இன்னொரு கிளிப் போட்டு இறுக்குவது நிலைக்காது, ஹோஸை வெட்டி மாற்றத்தான் வேண்டும். டீசல் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது, அதன் பிசிறு நேராகப் பம்புக்குள் போகும். எலக்ட்ரிக் பீட் பம்ப் வாங்கிப் பொருத்தி “சரியாகிவிட்டது” என்பவர்களும் உண்டு. அது ஓட்டையை மறைக்கிறது, காற்று உள்ளே போன இடத்தில் இனி டீசல் வெளியே கசியும். ரோட்டரி பம்பின் உள்ளழுத்தம்தான் டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தை, நகர்த்துகிறது என்பதால் அந்தக் கணக்கும் குழம்பலாம்.

அடைப்பு என்று தெரிந்தால் முதலில் டேங்க் மூடி. காற்றுத்துளை அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறதா கேளுங்கள். மூடி சரியென்றால் டேங்க் குழாயின் முனையிலிருந்து, மூடியைத் திறந்து வைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஊதுங்கள். இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றால் உறிஞ்சு வலையில் குப்பை வந்து ஒட்டுகிறது. வண்டி நின்றதும் குப்பை கீழே விழுந்துவிடும், அதனால்தான் கால் மணி நேரத்தில் ஸ்டார்ட் ஆகிறது. அப்போது பில்டரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

யாராவது ஏற்கெனவே பம்பைத் தொட்டிருந்தால் ரிட்டர்ன் பேஞ்சோ போல்ட்டை (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) பாருங்கள். அதில் ‘அவுட்’ என்று பொறித்திருக்கும், உள்ளே ஊசித்துளை மட்டுமே உண்டு. இன்லெட் போல்ட்டோடு இடம் மாறினால் பம்புக்கு டீசல் போதாது, ஸ்டார்ட் ஆகும், இழுக்காது, அணையும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கேன் சோதனையிலும் அணைந்தால்தான், அதுவும் சூடானபின் ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காத ஓட்டத்தில்) சாய்ந்து மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தால்தான், பம்பின் ஹெட்-ரோட்டர் (டீசலை அழுத்திப் பங்கிடும் உள்பாகம்) தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளியில் நழுவிவிடுகிறது, ஸ்டார்ட்டர் சுற்றும் குறைந்த வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் கிடைப்பதில்லை. நின்ற வண்டியில் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள்; தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். பம்ப் மட்டும் குளிர்ந்ததும் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதி. 1951-இல் தொடங்கிய, டீசல் பம்ப் தயாரிக்கும் மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியும் பம்ப் கடைகளில் இன்னும் ‘மைக்கோ பம்ப்’ என்றே பேச்சு. எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், டெஸ்ட் பெஞ்சில் ஸ்டார்ட்டிங் வேகத்திலும் ஐடிலிலும் ஒவ்வொரு லைனுக்கும் வந்த டீசல் அளவை, வேலைக்கு முன்னும் பின்னும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஹெட்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.