சிகரெட்டை விட்ட கைக்கு ஊசி நூல்: ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

தையல் மிஷின் இந்த வாரம் மறுபடியும் ரிப்பேருக்குப் போய் வந்தது. மேல்நூலை அடிநூலோடு பிணைக்கிற சட்டில் என்ற பாகத்தை மாற்றியாகிவிட்டது, மெக்கானிக்குக் கூலியும் கொடுத்தாகிவிட்டது, கோபம்தான் இன்னும் ஆறவில்லை. இதே வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "ஏனுங்ண்ணா, நானும் சிகரெட்டை விடலாம்னு இருக்கறேன். உங்களாட்ட ஒரு பழைய மிஷின் வாங்கிப் போர்வை தைக்கலாமுங்களா?" என்று கேட்டார். வாயால் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. எழுதியே வைக்கிறேன்.

இருப்பது ஈரோட்டில். துணிக்குப் பஞ்சமில்லாத ஊர். சட்டை தைக்கும் யூனிட்டுகளில் கழிக்கிற வெட்டுத்துணி கிலோ கணக்கில் கிடைக்கும். தினம் ஒரு பாக்கெட் புகைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு நாள் காசில் ஒரு கிலோ துணியே வாங்கலாம். ஆறடிக்கு ஐந்தடி போர்வைக்கு மேல்துணி போக அதில் மிச்சமும் இருக்கும். இப்படித் துண்டுத்துணி சேர்த்துத் தைக்கிற போர்வைக்கு இங்கிலீஷில் குயில்ட் என்று பெயர். யூடியூபில் அதைத் தேடினால் உருளைக் கத்தி, பச்சை நிறப் பாய், கண்ணாடி மாதிரி ஸ்கேல் என்று ஆயிரக்கணக்கில் செலவு வைப்பார்கள். எதுவும் வேண்டாம். புதுச்சட்டை மடிப்புக்குள் வருகிற அட்டையில் நாலரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டால் போதும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நான்கு அங்குலம் நிற்கும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது துண்டு சேர்த்தால் ஒரு அடிக் கட்டம். அப்படி 30 கட்டம், மொத்தம் 270 துண்டு. பனியன் துணியை மட்டும் தொடாதீர்கள். இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், சதுரம் சதுரமாகவே நிற்காது.

இனி முக்கியமான விஷயம். சிகரெட் ஏக்கம் எழும்பி அடங்குகிற நேரம் சில நிமிடங்கள்தான். டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சில நிமிடத்தைக் கடத்துவதுதான் பாடு. போனை எடுத்தால் ஒரு கை போனில், இன்னொரு கை சும்மா. அந்தச் சும்மா இருக்கிற கைதான் சட்டைப் பையைத் தேடும். ஊசி அப்படி விடாது. நூல் நுனியை உதட்டில் நனைத்து, காதில் கோத்து, இரண்டு துண்டின் நல்ல பக்கத்தையும் உள்ளே வைத்துப் பிடித்து, நாலரை அங்குலம் ஓட்டுத்தையல் போட்டு முடிச்சிடுவதற்குள் ஏக்கம் தாண்டிப் போயிருக்கும். இரண்டு கைக்கும் வேலை, கண்ணுக்கும் வேலை, உதட்டுக்கும் கொஞ்சம் வேலை. தாண்டாவிட்டால் அடுத்த துண்டு. விட்ட முதல் சில நாள்கள்தான் மோசம், தூக்கமும் வராது. நள்ளிரவில் கால் மிஷின் ஓட்டினால் வீடே எழுந்துகொள்ளும். கைத்தையலுக்குச் சத்தமே கிடையாது. கூடத்து விளக்கின் கீழ் உட்கார்ந்து நான் சேர்த்த கட்டங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். தையல் அங்கங்கே கோணலாக இருக்கும். அந்தக் கோணலை நான் மதிக்கிறேன்.

நான் எதிர்பார்க்காத லாபம் என் மூக்கு. சில வாரம் போனதும் வாசனை தெரிய ஆரம்பித்தது. புதுத்துணியை லேசாக ஈரம் தெளித்து இஸ்திரிப் பெட்டி வைத்தால் கஞ்சியும் பருத்தியும் சேர்ந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், அதற்காகவே தையல் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன். பீரோவில் இருந்த என் பழைய சட்டைகளையும் துண்டு போட எடுத்தபோதுதான் பழம்புகை நாற்றம் மூக்கில் ஏறியது. துவைத்து மடித்து வைத்த சட்டைகள் அவை. இத்தனை வருடம் வீட்டில் இருந்தவர்கள் இதை எப்படிச் சகித்தார்கள் என்று மனசு கனத்துப் போனது. ஒரு முறை அலசினால் போகவில்லை. ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டு, மறுபடியும் அதையே செய்த பிறகுதான் துண்டு போட்டேன்.

இப்போது மிஷினுக்கு வருகிறேன். கறுப்பு உடம்புக் கால் மிஷின், பழசு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர்த்தையல் கோடு போட்ட மாதிரி விழும். கரண்ட் வேண்டாம். பாபின் (அடிநூல் சுற்றுகிற சின்ன உருளை), பெல்ட், ஊசி எல்லாம் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கிடைக்கும். ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மேடையில் ஒரு டேப்பை ஒட்டி வைத்தால் துணி அதை உரசிக்கொண்டே போகும். இந்தக் கால் அங்குலம் பெரிய விஷயம். தையல் அரை நூல் அளவு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளி விழுந்தால்கூட, 15 துண்டு உள்ள வரிசையில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். அப்புறம் வரிசைக்கு வரிசை பொருந்தாது. கையால் தைப்பதில் இந்தத் துல்லியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவு நல்ல மிஷின், துணிக்கு அடியில் கூடு கட்டுகிறது. சும்மா இருக்கும்போது இல்லை. வரிசையாகத் துண்டு போட்டு, கால் ஒரு சீராக ஓடி, மனசு அமைதியாகிற நேரம் பார்த்து 'கடக்' என்று நிற்கும். துணியைத் தூக்கினால் அடியில் கொத்தாக நூல். கத்தரியால் வெட்டி, பிரித்து, மறுபடி நூல் கோக்க வேண்டும். அந்தக் கணத்தில் வருகிற எரிச்சலும் சிகரெட் கேட்கிற எரிச்சலும் ஒரே எரிச்சல்தான். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. எந்த ஏக்கத்தை அடக்க உட்கார்ந்தேனோ அதை மிஷினே கிளப்பிவிட்டது என்றால் என்ன சொல்வது!

அடியில் நூல் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் மேலே இருக்கும். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காராவிட்டால் அடியில்தான் கொத்து விழும். அதைப் பார்த்தேன், ஊசியை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். அப்படியும் நிற்கவில்லை. கடைசியில் சட்டிலைக் கழற்றினால், உள்ளே பஞ்சுத்தூசி சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி அமுங்கி இறுகிக் கிடந்தது. சட்டில் மூக்கில் நகத்தை ஓட்டினால் ஒரு சின்னப் பிசிறு தட்டுகிறது. நூல் ஒவ்வொரு சுற்றிலும் அதில்தான் மாட்டி இழுபட்டிருக்கிறது. விற்ற கடையில் 'ஃபுல் சர்வீஸ் பண்ணி வச்சதுங்க' என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். முதல் ரிப்பேரிலும் அந்த இடத்தைத் திறந்து பார்க்காமல் டென்ஷனை மட்டும் திருகிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். ஒரு சட்டிலின் விலை பெரிதில்லை. இத்தனை மாதம் என் பொறுமையைத் தின்றதற்கு யார் கணக்குச் சொல்வது? பழைய மிஷின் வாங்குகிறவர்கள் கடையிலேயே சட்டிலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இருந்தாலும் தம்பிக்கு என் பதில், மிஷின் வேண்டாம். புகையை விட்டு முதல் மூன்று மாதம் ஊசி போதும். அந்தக் காலத்தில் திடீரென்று நின்றுபோகிற எந்தப் பொருளும் கிட்டத்திலேயே இருக்கக் கூடாது. என் மிஷினை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன், அது வேறு.

ஊசி மட்டுமே போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சிகரெட் ஏக்கத்தைக் குறைக்க வாயில் போடுகிற நிகோடின் கம்மும் எனக்குத் துணைக்கு இருந்தது. மருந்துக்கடையில் 2 மி.கி. கிடைக்கும். காலையில் எழுந்து அரை மணிக்குள் பற்ற வைக்கிறவராக இருந்தால் டாக்டரைப் பார்த்து எவ்வளவு தேவை என்று கேளுங்கள். சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காபி குடித்தவுடன் போட்டால் மருந்து வாயில் சரியாக இறங்காது, கால் மணி நேரம் விட்டுப் போடுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356, புகையை விட உதவுகிற இலவச எண். கூப்பிட்டுப் பேசுங்கள்.

செலவை மிச்சப்படுத்த இன்னொன்று. போர்வையின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கிற பஞ்சு விரிப்பைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், நம் ஊர் வெக்கைக்கு அது ஆகவே ஆகாது. வங்காளத்தில் காந்தா என்கிற போர்வையில் பழைய சேலைகளையே அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள். அதே மாதிரி நடுவில் ஒரு பழைய நூல் சேலை, அடியில் ஒரு பழைய வேட்டி. சிவப்புத் துண்டுகளை மட்டும் முன்கூட்டியே தனியாக நனைத்து, சாயம் விடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சாயம் போனால் வேட்டி மட்டுமில்லை, பக்கத்தில் இருக்கிற வெள்ளைக் கட்டங்களும் போச்சு.