ஆக்ஸ்ஃபோர்டு சாரிட்டி ஷாப்களில் புத்தகம் வாங்குவது: பல வருடப் பழக்கத்தில் சொல்வது

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிற நம்மவர்கள் புத்தகக் கடை எங்கே என்று கேட்டால், எல்லாரும் பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கிற பிளாக்வெல்ஸைக் கை காட்டுவார்கள். பார்க்க வேண்டிய கடைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஊரில் பல வருடமாகக் குடித்தனம் நடத்தி, வாடகையும் கவுன்சில் வரியும் போக மிச்சத்தில் புத்தகம் வாங்குகிறவன் நான். என்னைக் கேட்டால் சாரிட்டி ஷாப்களுக்குப் போகச் சொல்வேன். ஜனங்கள் வீட்டில் வேண்டாததைப் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் அதைப் பிரித்து, விலை போட்டு விற்பார்கள். லாபம் அறப்பணிக்குப் போகும். இப்படிக் கடை நடத்துகிற ஆக்ஸ்ஃபாம் என்ற அறக்கட்டளை பிறந்ததே இந்த ஊரில்தான், 1942இல், போர்க்காலப் பஞ்சத்தில் தவித்த கிரீஸ் மக்களுக்கு உதவுவதற்காக. புத்தகத்துக்கென்றே அவர்கள் தனியாகத் திறந்த முதல் கடை 1987இல் இங்கே செயின்ட் ஜைல்ஸ் தெருவில் வந்தது. நான் அதிகம் போவது அந்தக் கடைக்குத்தான்.

எந்த சாரிட்டி ஷாப்புக்குள் நுழைந்தாலும் மூன்று சரக்கு தப்பாமல் இருக்கும்: விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகள், பிரிட்டிஷ் காமெடித் தொடர்களின் டிவிடிகள், பேராசிரியர்கள் எழுதிய கனமான ஆய்வு நூல்கள். முதல் பார்வைக்கு அள்ளிக் கொட்டினது போலத் தெரியும். இங்கே எதை வைப்பது என்று கடைக்காரர் முடிவு செய்வதில்லை; அக்கம்பக்கத்தில் எந்த வீடு காலியாகிறதோ அந்த வீடுதான் முடிவு செய்கிறது. இது பிடிபட்டதும் எந்தக் கடையில் எதைத் தேடுவது என்பது தானாக வந்துவிடும். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் நிறைய இருக்கிற வடக்குப் பக்கம், சம்மர்டவுனில், வரலாறும் தத்துவமும் கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற ஹெடிங்டனில் மருத்துவமும் மனநலமும். மாணவர்கள் அறை எடுத்துத் தங்கும் கௌலி ரோடு பக்கம், பாடத்திட்டத்தில் இருந்து வேறு வழியில்லாமல் வாங்கின நாவல்கள், மூன்றாம் அத்தியாயம் வரை மட்டும் அடிக்கோடு போட்டு.

விளையாட்டு அலமாரியில் இருந்து ஆரம்பிக்கிறேன். சரக்கு அதிகம், தேறுவது குறைவு. இவ்வளவு சுயசரிதைகள் இங்கே வந்து குவிவதற்கு ஒரு காரணம் உண்டு. பதிப்பகம் போட்ட விலைக்குக் கீழே யாரும் புத்தகத்தை விற்கக் கூடாது என்று பிரிட்டனில் 1900 முதல் ஓர் உடன்பாடு இருந்தது. 1995இல் பெரிய பதிப்பகங்கள் அதை விட்டு விலகின, 1997இல் நீதிமன்றமும் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதோடு சூப்பர்மார்க்கெட்டில் பாலும் ரொட்டியும் வாங்கப் போன இடத்திலேயே பாதி விலைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் கிடைக்க ஆரம்பித்தது. அட்டையில் ஊரறிந்த முகம், உள்ளே பளபள படங்கள். அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு தேடி அலைகிற பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? அக்டோபரில் கடைக்கு வரும் புத்தகம் டிசம்பரில் பரிசாகி, ஒன்று அந்த ஜனவரியிலேயே சாரிட்டி ஷாப்புக்கு வரும், அல்லது அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது வரும்.

2006ஆம் வருடச் சரக்கை இன்னும் பார்க்கலாம். அந்த வருடக் கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்து காலிறுதியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோற்றது. ரூனிக்குச் சிவப்பு அட்டை. லாம்பார்டும் ஜெரார்டும் அடித்த பெனால்டி வலைக்குள் போகவில்லை. ஆனால் அந்த மூவர் பெயரிலும் அந்த வருடமே சுயசரிதை வந்துவிட்டது. ரூனிக்கு அப்போது வயது 20, ஐந்து புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்! அந்தப் பிரதிகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் நீல மையில் ‘அப்பாவுக்கு, கிறிஸ்துமஸ்’ என்று எழுதியிருக்கும். முதுகு கொஞ்சமும் வளைந்திருக்காது. நடுவில் படங்களுக்காகத் தைத்த வழவழப்புத் தாள்கள் இருக்கும் இடத்தில் மட்டும் புத்தகம் தானாக விரியும். அப்பா அங்கே வரைக்கும் போயிருக்கிறார்.

நல்லதைப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு வழி உண்டு. முன்னுரையைப் படிப்பதில்லை. பாதிக்கு மேல் புத்தகங்கள், இறுதிப் போட்டிக்கு முன்னால் மைதானத்துக்குள் இறங்குகிற சுரங்க வழியில் நின்றுகொண்டு நெஞ்சு படபடக்கிறதாகத்தான் ஆரம்பிக்கும். நேராகப் பின்னால் போய் இன்டெக்ஸைப் பார்ப்பேன். அந்த ஆளுக்கு யாரோடு சண்டை என்று ஊருக்கே தெரியும்; அந்தப் பெயருக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார்? ஒரே ஒரு பக்கம் என்றால் வக்கீல் படித்துத் திருத்திய புத்தகம் என்று அர்த்தம், கீழே வைத்துவிடலாம். வக்கீல் பேச்சைக் கேட்காத புத்தகம் எப்படி இருக்கும் என்பதற்குக் கால்பந்து வீரர் ராய் கீன் உதாரணம். 2002இல் வந்த சுயசரிதையில், எதிரணி ஆட்டக்காரரைத் தாக்கியதைப் பற்றி அவர் சொன்ன விதத்துக்காகவே கால்பந்துச் சங்கம் ஐந்து ஆட்டங்களுக்குத் தடை போட்டு, 1,50,000 பவுண்டு அபராதமும் விதித்தது.

அடுத்து, யார் எழுதிக்கொடுத்தது என்று பார்ப்பேன். நன்றியுரையில் எங்காவது அந்தப் பெயர் ஒளிந்திருக்கும். டென்னிஸ் வீரர் அகாசியின் 2009 சுயசரிதையை உருவாக்கிக் கொடுத்தவர் ஜே. ஆர். மோரிங்கர், தன் பெயர் அட்டையில் வேண்டாம் என்று சொன்னவர். பிறகு இளவரசர் ஹாரியின் புத்தகத்திலும் அவர் கைதான். டென்னிஸையே வெறுத்தேன் என்று சொல்கிற அகாசி புத்தகம் எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவேன், யாருக்காவது கொடுக்கலாம். கிரிக்கெட்டில் என்றால் இங்கிலாந்து வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக் எழுதியது. 2006 இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவில் அவர் திடீரென ஊர் திரும்பியது நமக்கெல்லாம் செய்தியாக நினைவிருக்கும். மன அழுத்தம்தான் காரணம் என்று 2008இல் வெளிப்படையாக எழுதினார். ஓட்டம், சதம் எல்லாம் பின்னுக்குப் போய், ஒரு மனிதன் ஓட்டல் அறையில் படுகிற பாடு மட்டும் நிற்கும். அந்த வருடம் சிறந்த விளையாட்டுப் புத்தகத்துக்கான வில்லியம் ஹில் பரிசும் அதற்குத்தான்.

மைக் பிரியர்லி புத்தகம் எந்த அலமாரியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 1981 ஆஷஸை மீட்டுக் கொடுத்த இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டன், பிறகு மனப்பகுப்பாய்வு மருத்துவர் ஆனார். தலைமை தாங்குவதைப் பற்றி அவர் 1985இல் எழுதியதை விளையாட்டுப் பகுதியிலும் பார்த்திருக்கிறேன், உளவியலிலும் பார்த்திருக்கிறேன், ஒருமுறை மேனேஜ்மென்ட் புத்தகங்களோடும். விலை எங்கேயும் இரண்டு, மூன்று பவுண்டுதான். எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் டிரினிடாட் கிரிக்கெட்டையும் காலனி ஆட்சியையும் சேர்த்து 1963இல் எழுதியதும் இப்படித்தான் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

டிவிடி அலமாரி வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் போய்விட்டதால் வீட்டில் இருக்கிற பெட்டிகளை ஜனங்கள் மொத்தமாக இறக்கினார்கள். விற்கவில்லை என்று சில கடைகள் இப்போது வாங்கிக்கொள்வதே இல்லை. வாங்குகிறவனுக்கு இது யோகம். ஒரு தொடர் முழுவதும் ஒரு பவுண்டுக்கும் இரண்டு பவுண்டுக்கும் கிடைக்கும். 1975இலும் 1979இலுமாக வந்த ‘ஃபால்டி டவர்ஸ்’ மொத்தமே 12 எபிசோடு, ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். ‘டாட்ஸ் ஆர்மி’ 80 எபிசோடு. அதில் மூன்று இன்றைக்கும் கிடையாது, செலவை மிச்சப்படுத்த அந்தக் காலத்தில் டேப்பை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சி பதிவு செய்கிற வழக்கம் இருந்ததால். ஹிட்லர் படை வந்தால் தடுப்பதற்கு என்று கிழங்கட்டைகள் சேர்ந்து நடத்தும் ஊர்க்காவல் படை. இங்கிலாந்துக்காரர்கள் தங்களையே கிண்டல் செய்துகொள்வதைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல பாடம் அமையவில்லை. அலுவலகத்தில் பாதி ஜோக்கு இதில் இருந்துதான் வருகிறது.

நம் ஊர் அரசு அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு ‘யெஸ் மினிஸ்டர்’ சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஆசையோடு வரும் மந்திரி, எதையும் நடக்கவிடாத செயலாளர், ஒரு வார்த்தையில் ‘முடியாது’ என்பதற்கு இரண்டு நிமிட நீள வாக்கியம். இந்தியில் 2001இல் இதையே ஃபாரூக் ஷேக்கை வைத்து எடுத்தார்கள். இதன் புத்தக வடிவம் மந்திரியின் டைரியாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால் நிஜ அரசியல்வாதிகளின் நினைவுக் குறிப்புகளுக்கு நடுவில் இதையும் சொருகிவைத்திருப்பார்கள். தன்னார்வலர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

டிவிடி வாங்கும்போது கவுன்டரிலேயே பெட்டியைத் திறந்து தட்டுகளை எண்ணுங்கள். ஒரு கடையில் வாங்கின பெட்டிக்குள் இரண்டாவது தட்டுக்குப் பதில் யாரோ வீட்டுக் கல்யாண வீடியோ இருந்தது. மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர் போல, பாவாடை கட்டியிருந்தார். பின்னட்டையில் ஆங்கில சப்டைட்டில் உண்டா என்றும் பாருங்கள். காது கேளாதவர்களுக்காகப் போட்டதுதான், ஆனால் யார்க்ஷயர் உச்சரிப்புக்கு நமக்கும் வேண்டும். ஊரில் இருக்கிற அண்ணனுக்கு அனுப்பலாம் என்று வாங்காதீர்கள். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கு டிவிடிக்கு ஒரு ரீஜன் எண் உண்டு: இங்கே விற்பது ரீஜன் 2, இந்தியாவுக்கு ரீஜன் 5. எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயர் இருந்தால் ஒழிய ஓடாது.

ஆய்வு நூல்களுக்கு வருவோம். இந்த ஊரில் இருக்கிற வரப்பிரசாதம் இதுதான். பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் அடித்து நூலகங்களை நம்பி விலை வைக்கும், எண்பது பவுண்டு, நூறு பவுண்டு என்று. அதே புத்தகம் இங்கே ஆறு, ஏழு பவுண்டுக்குக் கிடைக்கிறது. முதல் பக்கத்தில் பென்சிலில் விலை எழுதியிருக்கும். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பேரம் பேசியே வளர்ந்த எனக்கு, அந்தப் பென்சில் விலைக்கு வாயை மூடிக்கொண்டு காசு கொடுக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. நீல அட்டை பெலிக்கன் புத்தகங்கள் எப்போதும் ஒரு வரிசை இருக்கும். சாதாரண ஜனங்களுக்கு அறிஞர்களின் எழுத்தை ஆறு பென்ஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1937இல் ஆரம்பித்த வரிசை. தொடக்க ஆசிரியர்களில் ஒருவர் வி. கே. கிருஷ்ண மேனன், சுதந்திரத்துக்குப் பிறகு லண்டனில் நம் முதல் ஹை கமிஷனர் ஆனவர். வாங்கும்போது நடுவில் விரிக்காதீர்கள். பல பிரதிகள் தைக்காமல் பசையால் ஒட்டியவை. பசை காய்ந்து, திறந்த இடத்தில் பொட்டென்று இரண்டாகும். ஓரத்தில் இருந்து பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துப் பாருங்கள்.

பென்சில் குறிப்புகள் இருந்தால் நான் கூடுதல் மகிழ்ச்சியோடு வாங்குவேன். மஞ்சள் மார்க்கர் அடித்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பென்சில்காரர்கள் ஆசிரியரோடு சண்டை போடுவார்கள். ‘இல்லவே இல்லை’, ‘ஆதாரம்?’ என்று ஒரு பெரியவர் ஒரு ரோமானிய வரலாற்றுப் புத்தகம் முழுக்க எழுதியிருந்தார், அதுவே தனி வாசிப்பு. பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961இல் வந்தது, 1984இல் விரிவான இரண்டாம் பதிப்பு) ஒருநாள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைத்திருந்தது. பரோ இங்கேதான் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்தார் என்பதால் அது இந்த ஊரில் வந்து நின்றதில் ஆச்சரியமில்லை. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, ஜி. யூ. போப் கல்லறை இருக்கிற செயின்ட் செபல்கர் இடுகாடு வரைக்கும் நடந்தேன், கொஞ்ச தூரம்தான். திரும்பி வருவதற்குள் அகராதி போய்விட்டது.

குறை இல்லாமல் இல்லை. சில கடைகள் ஒவ்வொரு புத்தகத்தையும் இணையத்தில் தேடி, அங்கே இருக்கிற பெரிய விலையைப் போட ஆரம்பித்துவிட்டன. நல்ல சரக்கு அலமாரிக்கு வராமலேயே ஆன்லைனில் போகிறது. போனில் பார்கோடு ஸ்கேன் செய்துகொண்டு வரிசையாக அள்ளிப் போகிற மறுவிற்பனைக்காரர்களையும் சமாளிக்க வேண்டும். பார்கோடு இல்லாத பழைய புத்தகங்களை அவர்கள் தொடுவதில்லை, எனவே நான் அங்கிருந்து தொடங்குவேன். அப்புறம் ஈர வாடை. முகர்ந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம், பக்கத்தில் நிற்கிற ஆங்கிலேயரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

படித்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது, இங்கே வருமான வரி கட்டுகிறவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவம் நிரப்புங்கள். உங்கள் புத்தகம் விற்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடம் இருந்து அவர்களுக்கு 25 பென்ஸ் கூடுதலாக வரும், உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. ‘கொடுக்க ஒரு பை, கொண்டுவர இரண்டு பையா?’ என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விளையாட்டுப் புத்தகத்துக்கு ஜனவரி நடுவில் போங்கள், ஆய்வு நூலுக்கு ஜூன் கடைசியில், மாணவர்கள் அறையைக் காலி செய்கிற வாரத்தில். திங்கள் காலை சரியில்லை. சனி ஞாயிறில் வந்த பைகளைப் பிரிக்கவே செவ்வாய் ஆகிவிடும். துணிப்பை எடுத்துப் போங்கள், புதுப் பை கேட்டால் தனியாக 10 பென்ஸ்.