குளச்சல், உதயகிரிக் கோட்டை ஒருநாள் வேன் சுற்றுலா

நாகர்கோவிலில் இருந்து தெருக்காரர்கள் ஒரு வேன் நிறையப் போனோம். குளச்சலில், 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவாக நிற்கும் வெற்றித்தூணைக் காட்டின கையோடு "ஏறுங்க, ஏறுங்க" என்று வழிகாட்டி விரட்டியதுதான் எரிச்சல், கடலில் கால் நனைக்கக்கூட விடவில்லை. ஆனால் உதயகிரிக் கோட்டையில் ஆளே மாறிவிட்டார். அந்தப் போரில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டிலனாயின் கல்லறை, கூரையில்லாத தேவாலயத்துக்குள் இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருப்பதை விரல் வைத்துக் காட்டி அவர் கதை சொல்லச் சொல்ல, எங்க சித்தப்பா நகரவே இல்லை. மதியம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் குழம்பும். குழம்பில் மீனைத் தேடணும். வேன் ஏசி சரி, கட்டணம் நியாயம். பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்க நினைத்தால், அதற்குத் திங்கள் விடுமுறை, பார்த்துப் பதிவு செய்யுங்கள்.