ஒலிம்பஸ் டிஜி-6: கேப்டவுன் குளிர்நீரில் எப்படி?

டர்பனின் வெதுவெதுப்பான கடலில் முக்குளித்துப் பழகியவர்களுக்கு கேப்டவுனை ஒட்டிய ஃபால்ஸ் பே வளைகுடாவின் 12 டிகிரித் தண்ணீர் வேறு உலகம். கேமராவுக்கும்தான். டிஜி-6 கேமரா தனியாக 15 மீட்டர் ஆழம் வரைதான் தாங்கும். இந்த வளைகுடாவின் மில்லர்ஸ் பாயிண்ட் அருகே 1994-ல் மூழ்கடிக்கப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் கப்பலோ சுமார் 22 மீட்டரில் கிடக்கிறது. ஆகவே 45 மீட்டர் தாங்கும் பிடி-059 ஹவுசிங் (தண்ணீர் புகாத வெளியுறை) கட்டாயம்.

கேமராவின் பலமே மிக நெருக்கத்தில் படமெடுக்கும் மைக்ரோஸ்கோப் மோட்தான். துருப்பிடித்த தகட்டில் ஊரும் ஓடில்லாக் கடல்நத்தையின் கொம்பு நுனிகூடத் தெளிவாக விழும். முழுக் கப்பலுக்கு வைட் லென்ஸ் தனியாக வேண்டும். பச்சைத் தண்ணீரில் துகள் அதிகம். ஃபிளாஷ் நேராக அடித்தால் படமெங்கும் வெள்ளைப் புள்ளிதான். ஸ்ட்ரோபை, அதாவது வெளியே பொருத்தும் தனி ஃபிளாஷை, பக்கவாட்டில் தள்ளி, சற்று வெளிப்புறம் திருப்பி வையுங்கள்.

சூடான காருக்குள் ஹவுசிங்கை மூடினால், உள்ளே அடைபட்ட ஈரக்காற்று குளிர்நீரில் இறங்கியதும் கண்ணாடியில் வியர்க்கும். காலையிலேயே வறண்ட அறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவிடுங்கள். ஹவுசிங் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்தாலே தண்ணீர் புகுந்துவிடும். கிரீஸ் பயறளவுக்கு மேல் போனால் மணலைத்தான் பிடித்து வைக்கும்.

5 மி.மீ. கையுறையோடு பொத்தான்களைத் தேடி அழுத்துவது எரிச்சல்தான். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். முழு சார்ஜோடு இரண்டாவது ஒன்று பையில் இருக்கட்டும்.