பெரிய கோயிலுக்குள் பறக்கும் கேமரா: மவுஸ், கேம்பேட், ஸ்பேஸ்மவுஸ், பிளெண்டர் – எது யாருக்கு?

தஞ்சைப் பெரிய கோயிலின் வளாகம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் ஒரு ரீஜன் (ஒரு நிலத்துண்டு) 256க்கு 256 மீட்டர். அதே மாதிரி இயங்கும் இலவச மென்பொருளான ஓபன்சிமிலும் அடிப்படை அளவு அதேதான். ஆக, முழுக் கோயிலையும் நிஜ அளவில் ஒரே ரீஜனுக்குள் எழுப்பிவிடலாம். ஓபன்சிமை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம் என்பதால் இடத்துக்கு வாடகையும் கிடையாது.

எங்கள் டெல்டாவில் இப்படிக் கட்டிப் பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் கட்டும்போது இருக்கும் பொறுமை, அதை வீடியோவாக எடுக்கும்போது இருப்பதில்லை. கருவறைமேல் உள்ள விமானக் கோபுரம் நிலை நிலையாக அழகாக எழுந்திருக்கும். கேமரா மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். பார்க்கிறவர் சில விநாடிகளில் மூடிவிடுவார். அதனால்தான் இந்த அலசல்.

எல்லா முறைக்கும் ஒரே ஷாட்டை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். கேரளாந்தகன் வாயிலில் தொடங்க வேண்டும். ராஜராஜன் வாயிலைத் தாண்டி, நந்தி மண்டபத்துக்கு ஓரமாக ஒதுங்கி, விமானத்தை நெருங்கிக்கொண்டே மேலே எழும்பி, 216 அடி உயரத்தில் கலசத்தில் போய் நிற்க வேண்டும். நடுவில் கட் கூடாது. நேர் ஓட்டம், வளைவு, ஏற்றம், அண்ணாந்து பார்ப்பது எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. கடைசிப் பகுதிதான் கடினம்: முன்னே போவதும், எழும்புவதும், பார்வையைத் திருப்புவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

முதலில் மவுஸ். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கேமரா நகரும், கண்ட்ரோலையும் சேர்த்தால் மேலும் கீழும் சுற்றும். செலவு இல்லை. ஆனால் இந்தக் கேமரா எப்போதும் ஒரு புள்ளியை மையமாக வைத்தே சுழலும். ஆகவே நேராக உள்ளே போகும் ஓட்டத்துக்கு இது ஒத்துவராது. உருளையைத் திருப்பினால் படிப் படியாகத் தாவும். ஃபயர்ஸ்டார்ம் வ்யூவரில் (இந்த உலகங்களுக்குள் நுழைந்து பார்க்க உதவும் மென்பொருள்) கேமரா அசைவை மென்மையாக்கும் ஸ்லைடர் இருக்கிறது, அதை ஏற்றினால் ஓரளவு குணமாகும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மவுஸ் வழியை நான் இன்றும் விடுவதில்லை: நந்தியையோ ஒரு தூணையோ ஆல்ட் போட்டுக் கிளிக் செய்து மையமாக்கிவிட்டு, ஆல்ட்டோடு இட வல அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் கேமரா சீரான வேகத்தில் வட்டமடிக்கும். சிற்பத்தைச் சுற்றிக் காட்ட இதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

அடுத்து கேம்பேட். இங்கே வருவது ஃப்ளைகேம். ஜாய்ஸ்டிக் மாதிரி ஒரு கருவியை இணைத்து, ஆல்ட், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கேமரா அவதாரை (அந்த உலகில் நமக்கான உருவத்தை) விட்டுப் பிரிந்து தனியே பறக்கும். இந்த அசைவு முழுவதையும் நம் கம்ப்யூட்டரில் ஓடும் வ்யூவரே கணக்கிடுகிறது, சர்வரிடம் கேட்பதில்லை. அதனால் இணைய வேகம் மந்தமானாலும் கேமரா தடுக்காது. கிராமத்து இணைப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம்.

சாதாரண வயர் கேம்பேட் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு குச்சிகளுக்கு நான்கு அச்சுகள், ஏறி இறங்க விரல் பட்டன்கள். நம் ஷாட்டில் நந்தி வரை இது அருமையாகப் போகிறது. விமானத்தின் அருகே எழும்பும்போதுதான் சிக்கல். குச்சி நகரும் தூரமே குறைவு. மெதுவிலிருந்து வேகத்துக்கு இடைப்பட்ட நிலையில் பிடித்து வைப்பது கடினம். மலிவான கேம்பேடில் குச்சி சரியாக நடுவுக்குத் திரும்பாமல், கையை எடுத்த பிறகும் கேமரா ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு, குச்சியின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் டெட் சோன் அளவைச் சற்று கூட்ட வேண்டும். அப்புறம் ஃபெதரிங் என்ற அமைப்பு. எண்ணைக் குறைக்கக் குறைக்கத்தான் அசைவு மென்மையாகும். பலர் இதைத் தலைகீழாக நினைத்து ஏற்றிவிடுகிறார்கள். குச்சியை நகர்த்தினால் கேமரா எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சொல்லும் ஸ்கேல் எண்ணையும் பாதியாக்குங்கள். வேகம் குறையும், ஆனால் விரல் நடுக்கம் படத்தில் ஏறாது.

ஸ்பேஸ்மவுஸ் என்பது 3டிகனெக்ஷன் நிறுவனத்தின் கருவி. பழைய மாடலுக்கு ஸ்பேஸ்நேவிகேட்டர் என்று பெயர். மேசைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு குமிழ். தள்ளலாம், தூக்கலாம், சாய்க்கலாம், திருகலாம். ஆறு அச்சுகளும் ஒரே பிடிக்குள். தவில்காரரின் விரலைப் போல இதில் அழுத்தத்தின் அளவே பேசுகிறது: லேசாகத் தொட்டால் கேமரா லேசாக நகரும். விமான ஏற்றத்தில் முன்னே தள்ளி, தூக்கி, சாய்க்கும் மூன்றையும் ஒரே அசைவாகச் செய்ய முடிவது இதில் மட்டும்தான். நேரடியாகப் பறந்து எடுக்கும் முறைகளில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் விலை ஐந்து இலக்கம். பழகவும் நாளாகும், ஆரம்பத்தில் நேராகத் தள்ளினாலே கேமரா பக்கவாட்டில் சரியும். அந்தச் சரிவு அச்சின் ஸ்கேலைப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். கோயிலைச் சாய்த்துக் காட்ட வேண்டிய தேவை நமக்கு வராது. வருடத்துக்கு ஒரு வீடியோ எடுக்கிறவர் இதை வாங்க வேண்டாம். தொடர்ந்து எடுக்கிறவர் யோசிக்காமல் வாங்கலாம்.

இன்னொரு வழி, நகரும் பொருளில் அவதாரை உட்கார வைத்து, ஸ்கிரிப்ட்டில் கேமராவின் இடத்தையும் பார்வையையும் நிர்ணயிப்பது. நம் ஷாட்டுக்கு இது சுமார்தான். பொருளின் நகர்வு சர்வரிலிருந்து வருவதால் இடையிடையே ஒரு துள்ளல் தெரியும். ஆனால் திருவாரூர் ஆழித்தேர் மாதிரி ஒன்று வீதியில் நகர, அதன் கூடவே போக வேண்டும் என்றால், தேரிலேயே கேமராவைக் கட்டிவிடும் இந்த முறைதான் சரி.

கடைசியாக பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருள். நாமே உருவாக்கிய பொருள்களை ஃபயர்ஸ்டார்மிலிருந்து கொலாடா என்ற 3டி கோப்பாக வெளியே எடுத்து, பிளெண்டரில் (கொலாடாவைத் திறக்க 5.0க்கு முந்தைய பதிப்பு வேண்டும்) கேமராவுக்குப் பாதை வரைந்து, பிரேம் பிரேமாக ரெண்டர் செய்வது, அதாவது படங்களாக உருவாக்குவது. மென்மையைப் பொறுத்தவரை இதை எதுவும் வெல்ல முடியாது. ஒரு பிரேமுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் முடிவில் எல்லாம் ஒரே சீராக ஓடும். 30 விநாடி ஷாட், விநாடிக்கு 24 பிரேம் என்றால் 720 படங்கள். ஒன்றுக்கு 10 விநாடி ஆனால் மொத்தம் 2 மணி நேரம். தனித்தனிப் படங்களாகச் சேமித்தால் பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறை என்னவென்றால், அங்கே ஆள் இருக்கமாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து அக்காவும் துபாயிலிருந்து மச்சானும் உள்ளே வந்து தேர் வடம் பிடிக்கும் காட்சியை பிளெண்டர் தராது. எனக்கு அந்தக் காட்சி முக்கியம். ஆகவே வெறும் கட்டடம் என்றால் பிளெண்டர், மனிதர்கள் இருந்தால் ஃப்ளைகேம் என்பதே என் முடிவு.

எந்தக் கருவியானாலும், ஆட்டத்துக்குக் கை மட்டும் காரணமல்ல. ஒரு கணம் விநாடிக்கு 55 பிரேம், மறு கணம் 22 என்று கம்ப்யூட்டர் தடுமாறினால் ஸ்பேஸ்மவுஸாலும் காப்பாற்ற முடியாது. கம்ப்யூட்டரால் நிலையாகத் தர முடிந்த வேகத்துக்கு, பெரும்பாலும் 30க்கு, பிரேம் வரம்பைக் கட்டிவிட்டு, திரையைப் பதிவு செய்யும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவிலும் அதே 30 வையுங்கள். நிழல்களை அணையுங்கள். எவ்வளவு தூரம் வரை காட்சி தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் டிரா டிஸ்டன்ஸை மட்டும் ரொம்பக் குறைக்காதீர்கள், வாயிலில் நிற்கும்போதே விமானம் தெரிய வேண்டும். பதிவுக்கு முன் அதே பாதையில் ஒருமுறை மெதுவாகப் பறந்துவிட்டால் கல்லின் டெக்ஸ்சர்கள் (மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் இறங்கியிருக்கும். கேமராக் கோணத்தைக் கண்ட்ரோல் 8 அழுத்திக் கொஞ்சம் அகலமாக்கினால் சிறு நடுக்கம் கண்ணில் படாது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி. பாதி வேகத்தில் பறந்து பதிவு செய்து, எடிட்டிங்கில் இரண்டு மடங்கு ஓட்டுங்கள். தடுமாற்றமும் பாதியாகச் சுருங்கும். ஆள் நடமாட்டமோ கொடியோ இருக்கும் ஷாட்டில் இது செல்லாது, எல்லாம் விறுவிறுவென ஓடும். மென்பொருள் வைத்து ஆட்டத்தை நிலைப்படுத்துவதைக் கடைசிக்கு வையுங்கள். ஓரங்கள் வெட்டுப்படும், சில வகையில் நேரான தூண்களே நெளியும்.

கேமராவைக் கையாள முதன்முறையாக வருகிறவருக்கு நான் சொல்வது கேம்பேட்தான். அதோடு ஓபிஎஸ்ஸில் பதிவுக் கோப்பை எம்கேவி (MKV) வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எம்பி4 பதிவின் நடுவில் மின்சாரம் நின்றால் கோப்பு திறக்காமலே போகலாம். எம்கேவியில் நின்ற இடம் வரை எடுத்தது கிடைக்கும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.